ஏழாவது பாட்டில் இரண்டாம் குரல்

இன்று காலை, நாம் வேலை செய்த சிறுவர் பள்ளியில், பிள்ளைகளின் ஈரக் கையுறைகளை உலர்த்தும் அலுமாரியைத் திறந்தேன். நனைந்த கம்பளி வாசனையோடு யூக்கலிப்டஸ் வாசமும் முகத்தில் அடித்தது. உள்ளே உன் மஞ்சள் மழைக்கோட்டு தொங்கியது. புதிதாக வேலைக்கு வந்த பெண் அது யாருடையது என்று தெரியாமல், கொழுவியில் கிடந்ததை எடுத்துப் பிள்ளைகளின் உடுப்புகளோடு சேர்த்துக் காயப்போட்டிருக்கிறாள். பையில் நீ விட்டுப்போன தொண்டை இனிப்புகள் சூட்டில் உருகித் துணியோடு ஒட்டிப்போயிருந்தன. கோட்டை எடுத்து என் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

அந்த இனிப்புகளை நீ மாறிமாறி வாயில் போட்டுக்கொண்டு திரிந்த நாட்களில், அது வெறும் தொண்டைக்கட்டு என்றுதான் இருவரும் நம்பினோம். ஒஸ்லோவின் இலையுதிர்காலத்தில் யாருக்குத்தான் தொண்டை கட்டாது?

அப்படியொரு நாளில்தான் அந்த மனிதர் நம் சிறுவர் பள்ளியான பார்ணஹாகேயின் வாசலுக்கு வந்தார். மதியம். சின்னப் பிள்ளைகளைத் தள்ளுவண்டிகளில் படுக்கவைத்து, வெளியே கூரைக்குக் கீழே நாம் ஆட்டிக்கொண்டிருந்தோம். நான் நோர்வேஜியத் தாலாட்டு ஒன்றை என் கட்டைக் குரலில் இழுத்துக்கொண்டிருக்க, நீ வழக்கம்போல அதற்குக் கீழே இன்னொரு மெட்டில் கூடவே வந்தாய். உன் குரல் அடியில் வந்தால் என்னுடையதும் பாட்டாகிவிடும். கோயில் பஜனையிலும் நீ அப்படித்தான். முன்னுக்கு நின்று தொடங்கச் சொன்னால் ஓடிவிடுவாய். யாராவது தொடங்கினால் சேர்ந்துகொள்வாய்.

வாசலில் நின்றவர் அகன்ற தொப்பியும் வெள்ளி வளையம் வைத்த இடுப்புப் பட்டியுமாக எழுபது கடந்தவர். பேத்தியைக் கூட்டிப்போக நேரத்தோடு வந்தவர், உள்ளே வராமல் கதவைப் பிடித்தபடி நின்றார். நீ ஆட்டுவதை நிறுத்தாமல், கதவைப் பூட்டுங்கள், பிள்ளைகள் வெளியே ஓடிவிடுவார்கள் என்று அவரை அதட்டினாய். அவர் பூட்டிவிட்டு, மறுபடியும் பாடச் சொன்னார். நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் அமெரிக்கப் பாணியில் கன்ட்ரி பாட்டுப் பாடித் திரிந்த பழைய பாடகர் அவர் என்று நம் பொறுப்பாளர் பிறகு சொன்னபோதும், உனக்கு அது பெரிதாகப் படவில்லை.

பல வருடங்களுக்குப் பிறகு ஓர் அல்பம் செய்வதாகவும், இதுதான் தன் கடைசி என்றும் பாடகர் உன்னிடம் சொன்னார். அதில் ஏழாவது பாட்டு லொறி ஓட்டும் ஒருவனைப் பற்றியது. வடக்கிலிருந்து பனிக்குள்ளால் வீட்டுக்கு வந்துகொண்டிருக்கிறான். வீட்டில் இருப்பவள், அவசரப்பட வேண்டாம், வழி வழுக்கும் என்கிறாள். பாட்டு அவ்வளவுதான். அவளின் குரலாக நீ வர வேண்டும் என்று கேட்டார். ஒரு கிழமை முழுக்க மறுத்தாய். கடைசியில் உன் கணவர்தான், டிராம் ஓட்டுகிற தன்னைப் பற்றி ஒருவரும் பாட்டுக் கட்டவில்லை, லொறிக்காரனுக்காவது பாடிவிட்டு வா என்று சொல்லிச் சம்மதிக்கவைத்தார்.

பிறகு வைத்தியசாலைக்குப் போய்விட்டு நேரே என்னிடம் வந்தாய். உடைமாற்றும் அறையில், பிள்ளைகள் சப்பாத்துப் போடும் சின்ன வாங்கில் முழங்கால் முட்ட இருவரும் இருந்தோம். தொண்டையில் இருப்பது புற்று. குரல்வளையை எடுக்க வேண்டும். நான் அழத் தொடங்க, நீ என் கையை இறுக்கிப் பிடித்தாய்.

"பாடினால் வருத்தம் கூடுமோ எண்டு டொக்டரிட்டைக் கேட்டனான். இல்லையாம். அப்ப போறதுக்கு முதல் ஒருக்கா வடிவாப் பாவிச்சுப்போட்டுக் குடுக்கிறன்."

பாடகருக்கு மட்டும் சொல்லக் கூடாது என்றாய். ஏனென்று கேட்டேன்.

"பாவம் பாத்து என்ரை குரலைத் தூக்கித் தன்ரைக்கு மேலை வைச்சிடுவார். அவள் வீட்டிலை இருந்து சொல்லுறாளடி. மேலை கேக்கக் கூடாது."

யாழ்ப்பாணம் போகப்போகிறேன் என்று அவரிடம் பொய் சொல்லி, ஒலிப்பதிவை முன்னுக்குக் கொண்டுவரவைத்தாய். ஒஸ்லோவின் குறொன்லாண்ட் பகுதியில், மரக்கறிக் கடைகளுக்குப் பின்தெருவில், ஒரு பழைய கட்டடத்தின் நிலவறை அந்த ஸ்டூடியோ. துணைக்கு நானும் வந்தேன். நரைத்த தலைகளோடு பிடிலும் ஸ்டீல் கிட்டாரும் வைத்திருந்த அவருடைய பழைய கூட்டாளிகள் எழுந்து நின்று உனக்குக் கைகொடுத்தார்கள். ஒலிப்பதிவாளர் இளையவர், நல்ல பொடியன். இடையில் இரண்டு வரி தமிழில் பாடினால் புதுமையாக இருக்கும் என்றார். நீ என் பக்கம் திரும்பி, "நான் என்ன கறித்தூளே, மேலாலை தூவுறதுக்கு?" என்றாய். அதையே நோர்வேஜியத்திலும் அவருக்குச் சொன்னாய். பாடகர் தொப்பி கழன்று விழும்வரை சிரித்தார்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கையால் ஹெட்போனைப் பிடித்து, மற்றக் கையால் தள்ளுவண்டியை ஆட்டுவதுபோல் காற்றை ஆட்டியபடி பாடினாய். கடைசி வரியில் குரல் கரகரத்து உடைந்தது. தொண்டை சரியானதும் இன்னொரு நாள் திருத்திக்கொள்ளலாம் என்றார் ஒலிப்பதிவாளர். இன்னொரு நாள் தனக்கு வசதிப்படாது என்று நீ சாதாரணமாகச் சொன்னாய். பாடகர் கண்ணை மூடி அதை இன்னொருமுறை கேட்டார். காத்திருக்கிறவளின் குரல் இப்படித்தான் இருக்கும், இதை யாரும் தொடக் கூடாது என்றார்.

வீடு இருக்கும் ஹவுகன்ஸ்டுவாவுக்கு ரயிலில் திரும்பும்போது ஊரில் இருக்கும் உன் அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தாய். வழியெல்லாம் கதைத்தாய். பக்கத்து வீட்டுக் கல்யாணம், மீன் விலை, கிணற்று மோட்டர், எல்லாம். அம்மா ஏதோ சந்தேகப்பட்டுக் கேட்டிருக்க வேண்டும். "ஒண்டுமில்லையம்மா, உங்களோடை கதைக்க வேணும்போலை கிடந்தது," என்றாய். நான் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அதற்குப் பிறகு அம்மா உன் குரலைக் கேட்கவில்லை.

சத்திரசிகிச்சை முடிந்து நீ கழுத்துத் துளையால் மூச்சு விட்டுக்கொண்டு, சொல்ல வேண்டியதை எல்லாம் கைத்தொலைபேசியில் எழுதிக் காட்டத் தொடங்கியிருந்தாய். ஒருநாள் பாடகர் வாசலில் வைத்து, நீ ஊரிலிருந்து வந்துவிட்டாயா என்று என்னைக் கேட்டார். என்னால் பொய்யைத் தொடர முடியவில்லை. நடந்ததைக் கேட்டுவிட்டு அவர் பேத்தியின் சப்பாத்தைக் கையில் வைத்தபடி அந்தச் சின்ன வாங்கில் நெடுநேரம் இருந்தார். அடுத்த சனிக்கிழமை உங்கள் வீட்டுக்கு வந்து, உன் கணவர் போட்ட தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, பாட்டில் உன் குரலை உயர்த்தி வைக்கட்டுமா என்று கேட்டார். நீ பயந்தது அதற்குத்தான். "அப்படியே விடுங்கள்" என்று எழுதிக் காட்டினாய். அவர் தலையாட்டினார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்.

நோய் திரும்பி வந்தபோது நீ அதிகம் எழுதுவதைக்கூட நிறுத்திவிட்டாய். மார்கழியில் போனாய். அல்பம் வசந்தத்தில் வந்தது.

உன் மகளோடு இருந்து முதன்முதலாக அந்தப் பாட்டைக் கேட்டேன். முடிந்ததும் அவள் மறுபடி போட்டாள். பிறகும் போட்டாள். முகம் சிவந்துவிட்டது. "இதிலை அம்மா எங்கை, அன்ரி? ஏதோ தூரத்திலை நிண்டு பாடுறமாதிரிக் கிடக்கு. அவர் அம்மாவை ஒளிச்சு வைச்சிருக்கிறார்." அது நீ கேட்டுக்கொண்டது என்று விளங்கப்படுத்தினேன். அவளுக்கு ஆறவில்லை. தாயின் குரலில் மிஞ்சியது அது ஒன்றுதான் என்று இருக்கிற பிள்ளைக்கு எந்த நியாயம் ஏறும்? அல்பத்தின் அறிமுகக் கச்சேரிக்கு வரமாட்டேன் என்றாள். உன் கணவர் கெஞ்சித்தான் கூட்டிவந்தார்.

மண்டபம் நிறைந்திருந்தது. ஏழாவது பாட்டு வந்ததும் அவர் தொப்பியைக் கழற்றி நாற்காலியில் வைத்தார். இந்தப் பாட்டின் பெண் குரலுக்கு வேறொரு பாடகியை அழைக்கச் சொன்னார்கள், நான் மறுத்துவிட்டேன் என்றார். உன் பெயரைச் சொன்னார், அதுவும் சரியாக உச்சரித்து. வாத்தியங்கள் தொடங்கின. இருவர் குரலும் சேர்ந்து வரும் இடத்தில் அவர் தன் மெட்டை விட்டுவிட்டார். உன்னுடையதைப் பாடினார். கீழே போகும் அந்த வரியை, மேலே எதுவும் இல்லாமல், தன் முதிய குரலில் தனியாக. அவசரப்பட வேண்டாம், வழி வழுக்கும்.

சனங்களுக்கு என்ன விளங்கியதோ தெரியாது. பக்கத்தில் இருந்த உன் மகளின் விரல்கள் என் மணிக்கட்டில் இறுகின.

"அன்ரி, இது அம்மாவின்ரை."

"ஓம், பிள்ளை."

அன்று வீட்டுக்குப் போய் அவள் மறுபடியும் இசைத்தட்டைப் போட்டாளாம். இந்த முறை உன்னைத் தேட வேண்டியிருக்கவில்லையாம். தகப்பனையும் இருத்தி, இந்தா அம்மா வாறா, இந்தா மூச்சு எடுக்கிறா என்று காட்டிக் கொடுத்தாளாம். அவர் என்னிடம் அதைச் சொல்லிச்சொல்லி அழுதார்.

எனக்கு இன்றுவரை பாடத் தெரியாது. ஆனால் உன்னோடு இருந்து இருந்து என் காது மாறிவிட்டது. கோயிலில் பஜனை நடந்தால் முன்னுக்கு நிற்பவரை நான் கேட்பதில்லை. பின்வரிசையில் யார் மெல்லச் சேர்ந்துகொள்கிறார்கள் என்று கேட்கிறேன். போன வெள்ளிக்கிழமை, தூணுக்குப் பக்கத்தில் சேலைத் தலைப்பால் வாயை மறைத்தபடி ஒரு பெண் அப்படிப் பாடிக்கொண்டிருந்தாள். இந்தியாவிலிருந்து புதிதாக வந்தவளாம், ஒருவரையும் தெரியாதாம். பூசை முடிந்ததும் அவளிடம் போய், நீங்கள் பாடினது எனக்குக் கேட்டது என்று சொன்னேன்.