லேபிளில் தோகை விரித்த மயில்

செவ்வாய்க்கிழமை, இரவு. வெளியே மழை.

திருவொற்றியூரில் எங்கள் தீப்பெட்டி ஆலைக்கு, வெள்ளைக்காரத் துரை போனபின் வந்திருக்கும் புது மானேஜருக்கு மயில் வரையவும் தெரியுமாம். தெரியாதது எதுதான்!

லேபிள் இரண்டு விரல் அகலம். அதற்குள் மயில் தோகை விரிக்க வேண்டுமானால் கழுத்தை அழுத்தமாகப் போட்டு, பின்னால் ஓர் அரைவட்டம் இழுத்து, அங்கங்கே சில கண்கள் வைத்தால் போதும். இடையில் விட்ட வெற்றிடம்தான் தோகையாகத் தெரியும். அப்படித்தான் வரைந்து கொடுத்தேன். மனுஷன் பென்சிலைப் பிடுங்கினார். "தோகைன்னா ரொம்பி வழியணுமய்யா, கஞ்சத்தனம் பண்றீரே" என்று இண்டு இடுக்கெல்லாம் கண்ணாகப் போட்டு அடைத்தார்.

இன்று அச்சாகி வந்தது. மை ஒன்றோடொன்று கலந்து ஒரே பச்சைக் குவியல். பெட்டி அடுக்கும் கன்னியம்மா எட்டிப் பார்த்து, "இன்னா நைனா, முட்டகோஸ் வரைஞ்சு வச்சிக்கீறே?" என்றாள். கூடம் முழுக்கச் சிரிப்பு.

மானேஜர் காதிலும் விழுந்தது. கடையில் ஜனங்கள் படத்தைச் சொல்லித்தான் தீப்பெட்டி கேட்கிறார்கள்; எழுத்துக் கூட்டிப் படித்து எவன் வாங்குகிறான்? அதுகூடத் தெரியாத அந்த மேதாவி, "அதனாலென்ன, அடியில மயில்னு எழுதிடுமய்யா" என்றார்.

மயில் படத்துக்குக் கீழே மயில் என்று எழுத வேண்டுமாம்! தூ! பிரஷ்ஷை அந்த மூஞ்சியில் விட்டெறிந்துவிட்டு வந்திருக்க வேண்டும்.

"கொட்டை எழுத்துலயா, சார்?" என்றுதான் கேட்டேன்.