வேனில் கால் நீட்ட இடம்

பெரியவளின் அம்மாவுக்கு,

சோறு அடுப்பில் மூடியிருக்கிறது. வேன் சாவி ஆணியில் தொங்குகிறது.

நாம் ஊர் சுற்ற வேனுக்குள் நான் வெல்டிங் வைத்த ஐந்து படுக்கையும் ஒரு அடி குட்டை. நேற்று நீ, "ஏங்க, இது படுக்கையா, பார்சல் பெட்டியா?" என்றாய். "கால் நீட்டித் தூங்க நீ என்ன மகாராணியா?" என்று கத்தினேன். தப்பு என்னுடையதுதான். டேப் பிடிக்காமல், நானே படுத்துப் பார்த்து அளவெடுத்தேன். கூலிக் கொட்டகையில் எட்டுப் பேரோடு முடங்கிப் படுத்து வளர்ந்த உடம்பு இன்னும் அப்படியேதான் படுக்கிறது. இருபது வருஷம் இரும்பு வெட்டிய இந்தப் பெரிய மேதைக்கு அது உறைக்கவே இல்லை.

ஐந்தையும் வெட்டி நீட்ட, பட்டறையில் மெஷின் கேட்டு வாங்கி வரப் போகிறேன். அதற்குள் பிள்ளைகள் மூவரையும் தரையில் படுக்க வைத்து, தலைக்கும் காலுக்கும் சாக்பீஸால் கோடு போட்டு வை. நீயும் படு, பெரியவள் கோடு போடட்டும். காலை நன்றாக நீட்டிக்கொள், மகாராணி.

பி.கு.: எனக்குக் கோடு வேண்டாம். என் படுக்கை எனக்குச் சரியாகத்தான் இருக்கிறது.

இன்னொன்று: இல்லை, உன் நீளத்தையே எனக்கும் வைத்துக்கொள்கிறேன். இந்த வயசில்தான் நீட்டிப் படுக்கப் பழக வேண்டும். கால் பட்டால் கத்தாதே.