அம்மாவின் கபருக்கு முன்னால் இரண்டு பேர்

ஹஜ்ரத்,

இன்று காலை சத்தீஸ்கரில் ஒரு வயக்காட்டில் ரிக் வண்டியை நிறுத்திப் போர்வெல் போடத் தொடங்கினோம். பத்தடி இறங்கியதும் புது மண் வாசனை கிளம்பியது. இத்தனை வருடப் பிழைப்பே அந்த வாசனைதான். இப்போதெல்லாம் அது வந்தால் அம்மாவை அடக்கிய கபரும் நீங்களும் நினைவுக்கு வந்துவிடுகிறீர்கள்.

அம்மா மவுத்தானபோதும் நான் இப்படித்தான் எங்கோ காட்டுக்குள் கிடந்தேன். செல்போனுக்கு டவர் இல்லை. பள்ளிவாசல் இமாமான நீங்களும் அன்று கண் ஆபரேஷனுக்காக ஃபேர்லேண்ட்ஸ் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தீர்கள். இறந்தவரின் ஜனாஸாவைக் காக்க வைக்கக்கூடாது என்று, வெண்ணந்தூருக்குப் பக்கத்து எங்கள் ஊரில் நாலு பேர் அவசரப்பட்டு, பாங்கு சொல்லும் மோதினாரை முன்னால் நிறுத்தித் தொழுது அடக்கிவிட்டார்கள். ஒரே பிள்ளை நான் மூன்றாம் நாள்தான் வந்து சேர்ந்தேன்.

நேராக உங்களிடம் வந்து, அம்மாவின் கபரில் நின்று ஜனாஸா தொழுகை தொழ வேண்டும் என்றேன். ஒருமுறை தொழுதாகிவிட்டது, நம் மத்ஹபின் சட்டத்தில் திரும்பத் தொழ வழியில்லை, கையேந்தி துஆ மட்டும் செய்துகொள்ளுங்கள் என்றீர்கள். எனக்கு மூக்கு நுனியில் கோபம். பெற்ற தாய்க்குத் தொழ உங்களிடம் சீட்டு வாங்க வேண்டுமா என்று கத்திவிட்டுப் போனேன். அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

மத்தியான வெயிலில், கண்ணில் கட்டோடு, யாரோ ஒருவரின் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து என் வீட்டுக்கு வந்தீர்கள். தொழ வைக்க யார் அனுமதி கொடுத்தது என்று நாலு பேரிடமும் விசாரித்திருக்கிறீர்கள். யாரும் கொடுக்கவில்லை.

"காலைல நா சொன்னது தப்புங்க பாய். விசாரிக்காம சொல்லிப்போட்டேன். பெத்த புள்ள, தொழ வைக்க உரிமைப்பட்டவரு நீங்க. உங்களக் கேக்காமத் தொழுதிருக்காங்க. அந்த உரிமை அப்படியே இருக்குதுங்க."

வெள்ளிக்கிழமை போகலாம் என்றேன். உடல் மண்ணாகும் முன் தொழ வேண்டும், நாளைக் கடத்தக்கூடாது என்று உடனே கிளப்பினீர்கள். பள்ளிவாசலைக் கூட்டிப் பெருக்கி வந்த ஒரு பெண்ணைத் தமக்குச் சொல்லாமல் அடக்கிவிட்டார்கள் என்று அறிந்து, நபிகள் நாயகம் அவர் கபருக்கே போய்த் தொழுததை வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தீர்கள்.

கபர்ஸ்தானில் உங்களையே தொழ வைக்கச் சொன்னேன். உரிமை உங்களுடையது என்று மறுத்துவிட்டு எனக்குப் பின்னால் நின்றீர்கள். முன்பே தொழுதுவிட்ட மோதினார் வேலியோரம் ஒதுங்கிக்கொண்டார். குனியும் ருகூஉ இல்லை, நெற்றி பதிக்கும் சுஜூது இல்லை, 'அல்லாஹு அக்பர்' என்று நான்கு தக்பீர். மூன்றாவதில் என் குரல் உடைந்தது. நான் தேறி வரும்வரை நீங்கள் அசையாமல் நின்றீர்கள்.

அடுத்த ஜும்ஆவில் முழு ஜமாஅத்துக்கும் முன்னால், தவறாகச் சொல்லிவிட்டேன் என்று நீங்களே எடுத்துச் சொன்னீர்கள். நானாக இருந்தால் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றிருப்பேன். உங்கள்மேல் எனக்கு வந்த மரியாதை அன்று வந்ததுதான்.

போன மாதம் நீங்கள் மவுத்தானபோதும் நான் ஊரில் இல்லை. உங்கள் மகன் முன்னால் நிற்க, ஊரே திரண்டு தொழுததாம். நாலு நாள் கழித்து உங்கள் கபருக்கு வந்தேன். கூட வந்த மோதினார், "ஆசையா இருந்தா நீங்களும் தொழுதுக்கங்க பாய், யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க" என்றார்.

ஆசை இருந்தது ஹஜ்ரத். ஆனால் உங்களுக்கு உரிமைப்பட்ட மகன் தொழுதுவிட்டார். உங்களிடம் கற்ற சட்டத்தை உங்கள் கபரிலேயே மீற எனக்கு மனம் வரவில்லை. தக்பீருக்கு உயர்ந்த கைகளை இறக்கி, துஆ மட்டும் செய்துவிட்டு வந்தேன்.