சர்க்கரை போடாத காப்பி

அன்பு மகன் லபீபுக்கு அம்மா எழுதுவது. குவைத்து வெயிலிலும் தூசியிலும் கர்த்தர் உனக்கு நிழலாக இருக்கட்டும். நான் நலம். இந்த வரியை இன்னொரு தடவை படி, நான் நலமாகத்தான் இருக்கிறேன், படுக்கையில் விழவில்லை, காய்ச்சல்கூட இல்லை, காலையில் எருமைக்குத் தீவனம் வெட்டிப் போட்டுவிட்டு வந்துதான் இதை எழுத உட்கார்ந்தேன். அம்மா சாகக் கிடக்கிறாள் உடனே புறப்படு என்று உனக்கு வந்த தந்தி உன் சித்தப்பா பனூப் அடித்தது. அடித்துவிட்டு என்னிடமே வந்து, "ஒங்களச் சாகக் கெடக்குறதா தந்தி அடிச்சிருக்கேன் அண்ணி, கோவிச்சுக்காதீங்க, பையன் வரணும்ல" என்றான். நீ எதற்கு வரவேண்டும் என்பது உனக்கும் தெரியும். உன் அப்பாவை வாய்க்கால் தண்ணீர்த் தகராறில் மண்வெட்டியால் அடித்துக் கொன்ற அபாதீர் சிறையிலிருந்து வருகிறான். ஒளிச் சனிக்கிழமை, உயிர்ப்புப் பண்டிகைக்கு முதல் நாள், மத்தியான ரயிலில் இறங்குகிறான். சர்க்கார் கொடுத்த தண்டனை சர்க்காருடையது, நம்முடையது பாக்கி இருக்கிறது என்பது உன் சித்தப்பாவின் பேச்சு. அதைத் தீர்க்கும் உரிமை மூத்த மகனுக்குத்தானாம், அதனால்தான் தான் பொறுத்திருக்கிறானாம்.

எருமை கன்று போட்டிருக்கிறது, கிடாரிக் கன்று, நெற்றியில் வெள்ளை. பாலும் கறியும் தொடக்கூடாத பெரிய நோன்பு நடக்கும்போதா இப்படிப் பால் கொட்டும், நமக்கு ஒரு வாய் குடிக்க வழியில்லை, எல்லாம் பக்கத்து வீட்டு சையிதின் அம்மாவுக்குத்தான் போகிறது, அவள் கன்னம் உப்பிக்கொண்டு வருகிறது. நீயும் உன் அறைக்காரர்கள் கறி சமைக்கும்போது மூக்கை நீட்டாமல் அவரைக்கொட்டை வேகவைத்துச் சாப்பிடு, காலையில் வேலைக்குப் போகுமுன் சங்கீதம் ஒன்றாவது சொல். ஊரில் சண்டை சச்சரவு எதுவும் இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. கடைக்கு எண்ணெய் வாங்கப் போனால் பேச்சு நின்றுவிடுகிறது. "லபீபு எப்ப வர்றான்?" என்று எல்லோரும் கேட்கிறார்கள், உன்மேல் உள்ள ஆசையிலா கேட்கிறார்கள், எந்த நாளில் பிள்ளைகளை வெளியே விடக்கூடாது என்று தெரிந்துகொள்ளக் கேட்கிறார்கள். அபாதீர் வீட்டுத் தெருவில் இப்போது பிள்ளைகள் விளையாடுவதே இல்லை. சித்தப்பா தினமும் மாடியில் உட்கார்ந்து அப்பாவின் துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டுத் துடைக்கிறான், அந்த வாடை கீழே மாவுப் பானை வரைக்கும் இறங்கி, நான் சுடும் ரொட்டியிலும் அடிக்கிறது.

இனி நடந்ததைச் சொல்கிறேன். அப்பா போனதிலிருந்து கோயிலில் கையை உயர்த்தி எல்லோரும் கர்த்தர் கற்பித்த ஜெபத்தைச் சொல்லும்போது, எங்களுக்குத் தீங்கு செய்தவர்களை நாங்கள் மன்னிப்பதுபோல என்று வருமே, அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொள்வேன். கடவுளிடம் எதற்குப் பொய் சொல்ல வேண்டும்? இந்த ஏழு வருஷமும் நற்கருணையும் வாங்கியதில்லை. போன ஞாயிறு என் நினைப்பெல்லாம் உனக்குப் போன தந்தியின் மேலே இருந்தது, நீ விமானம் ஏறிவிட்டாயோ என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். கூட்டத்தோடு கூட்டமாக என் வாய் அந்த வரியையும் சொல்லிவிட்டது, அதுவும் சத்தமாக. பெண்கள் பக்கம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. எனக்கு முன்வரிசையில் இருந்த அபாதீரின் அம்மா தமியானா திரும்பவில்லை, அவள் தோள் மட்டும் குலுங்கியது. வாய் தவறி வந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் யாரிடம் போய்ச் சொல்வது, மேலே இருப்பவரிடமா? சிலுவையில் தொங்கிக்கொண்டே அடித்தவர்களுக்காகப் பேசியவரை அல்லவா நாம் கும்பிடுகிறோம்? எனக்கு அபாதீர்மேல் பாசம் பொங்குகிறது என்று நினைக்காதே. அவன் முகத்தை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. வயிறு குளிர்ந்தபிறகு மன்னிக்கலாம் என்றுதான் இத்தனை நாளும் இருந்தேன், அது குளிரக் காணோம். அதனால் எரிகிற வயிற்றோடே செய்வது என்று முடிவு பண்ணினேன். பாதிரியார் யூஸ்தோஸிடம் சொன்னேன். பீடத்தில் நின்று அவ்வளவு முழங்குகிற மனுஷன், "பொறும்மா, பண்டிகை முடியட்டும், மெதுவாப் பேசிக்கலாம்" என்று குரலைத் தாழ்த்தினார். அவருக்கும் பயம்.

ரத்தத்துக்கு ரத்தம் வாங்கும்வரை துக்கம் கேட்க வருகிறவர்களை வாசல் ஏற விடுவதில்லை என்பது நம் பக்கத்து வழக்கம், அப்பாவுக்காக இந்த வீட்டில் இதுவரை ஒருவரும் உட்கார்ந்ததில்லை. துக்கம் வாங்கிவிட்டால் கணக்கு முடிந்தது என்று ஊர் எடுத்துக்கொள்ளும். திங்கட்கிழமை நான் வாசலில் நாற்காலி போட்டேன். நம் வீட்டில் இருந்தது போதவில்லை, சையிதின் அம்மாவிடம் கேட்டேன், "நீ பண்றது எனக்கு வெளங்கல, நாற்காலி வேணும்னா எடுத்துக்க" என்றாள். துக்கத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் சர்க்கரை போடாத காப்பி வைத்துக் காத்திருந்தேன். காப்பி ஆறியது, திரும்பச் சூடாக்கினேன், ஒருவரும் வரவில்லை, எதிர்வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. பொழுது சாயும்போது தமியானா வந்தாள். செருப்பை வெளியிலேயே விட்டுவிட்டு, உட்காரலாமா என்றுகூடக் கேட்கத் துணியாமல் நின்றாள். முதல் கப்பை நான் குடித்தேன், அதன்பிறகுதான் அவள் கை நீட்டினாள். குடித்துவிட்டு, "லபீபம்மா, எம் புள்ளைய அடக்கம் பண்ணத் துணி தச்சு வச்சிருக்கேன், எப்ப வேணுமோ தெரியல" என்று மட்டும் சொன்னாள். அப்போதுதான் உன் சித்தப்பா உள்ளே நுழைந்தான். நான் நீட்டிய கப்பை வாங்கித் தரையில் ஊற்றினான், வெறும் கப்பைத் தட்டில் கவிழ்த்து வைத்தான். "எங்க எல்லார் மூஞ்சிலயும் கரியப் பூசிட்டீங்க அண்ணி. இது லபீபோட கப்பு. அவன் வந்து குடிக்கிறானா ஒடைக்கிறானான்னு பாப்போம்" என்று சொல்லிவிட்டுப் போனவன் இன்னும் வீடு திரும்பவில்லை. மாடியில் துப்பாக்கியையும் காணோம்.

அதனால்தான் இதைத் தபாலில் போடாமல் நாளை குவைத்துக்குத் திரும்பும் வஹ்பா வாத்தியார் கையில் கொடுத்து அனுப்புகிறேன், உன் கையிலேயே கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். நீ வராதே, ராசா. உரிமைக்காரன் வரவில்லை என்றால் தான் சுட்டு ஊர்ச் சிரிப்பை வாங்குவதா என்று சித்தப்பா யோசிப்பான், அந்த யோசனையை நம்பித்தான் இருக்கிறேன். ஆனால் அதை மட்டும் நம்பவில்லை. சனிக்கிழமை நான் ஸ்டேஷனுக்குப் போகிறேன். அபாதீருக்கு வலப்பக்கம் நான், இடப்பக்கம் தமியானா, வாய்க்கால் பாதை வழியாக அவன் வீடுவரை மூன்று பேரும் நடந்துபோவதாகப் பேசிக்கொண்டோம். அன்று ராத்திரி உயிர்த்தெழுந்தார் என்று பாடப்போகிறவர்கள்தான் நாம் எல்லோரும், உன் சித்தப்பாவும் பாடுவான். நீ வந்து ஸ்டேஷன் கூட்டத்தில் மறைந்து நின்று அவனைக் குறி பார்த்தால் உன் கண்ணில் முதலில் படுவது நானாகத்தான் இருக்கும்.

உன் கை வேலையையும் உன் தூக்கத்தையும் கர்த்தர் ஆசீர்வதிக்கட்டும், மணிக்கட்டில் பச்சை குத்திய சிலுவையை அங்கே யாருக்காகவும் மறைக்காதே, யாரிடமும் வம்புக்கும் நிற்காதே. கவிழ்த்த கப்பை நான் நிமிர்த்தவில்லை, பண்டிகையெல்லாம் முடிந்து வெறும் கையோடு நீ ஊருக்கு வரும் நாளில் நீயே நிமிர்த்து. இன்னொன்றை மறந்துவிடாதே. இனியும் தந்தி வரலாம். அம்மா செத்துவிட்டாள் என்று வரலாம். பாதிரியார் பெயரில் வந்தால் அது உண்மையாக இருக்கும். அப்போதும் கிளம்பாதே. யார் செய்தது என்று ஒருவரிடமும் கேட்காதே. உன் அறையில் இருக்கிற நாற்காலிகளைச் சுவரோரம் போட்டு, சர்க்கரை போடாமல் காப்பி வைத்து, கதவைத் திறந்து வை. வருகிறவர்கள் துக்கம் கேட்கட்டும். முதல் கப்பை நீ குடி.

உனக்காக ஜெபிக்கும் அம்மா,
நர்கீஸ்