ஸ்டீபன் பெடலுக்கு நான் வைத்த சாக்கெட்

ஞாயிறு இரவு, ஆம்பூர்.

ஸ்டீபனின் கிட்டார் ஒலியைக் காலால் அமுக்கி மாற்றும் பழைய பெடல் பேட்டரியில்தான் ஓடும். சர்ச்சில் பாட்டு நடுவே பேட்டரி இறங்கிக் கரகரத்தால், மீதிப் பாட்டு என் கிட்டாருக்குக் கிடைக்கும். போன வாரம் அதற்கு அடாப்டர் சொருக ஒரு சாக்கெட் வைத்துத் தரச் சொன்னான். ஷூ கம்பெனியில் மெஷின் ஒயரிங் பார்க்கிற நான், தெரியாது என்றா சொல்ல முடியும்? இரைச்சல் வராமலிருக்க ஃபில்டரும் சேர்த்துப் பற்றவைத்துக் கொடுத்தேன்.

இன்று கடைசிப் பாட்டு வரை அவனே வாசித்தான். ஜெபத்தில் எல்லோரும் கண்ணை மூடியபோது, நான் மட்டும் அவன் ஸ்பீக்கர் பக்கம் காதைக் கொடுத்து இரைச்சலைத் தேடினேன். துளிகூட இல்லை.

"இன்னா ஸ்டீபன், இன்னிக்கு கரகரப்பே இல்லாம வாசிச்சிட்ட!" என்று பாஸ்டர் அவன் தோளைத் தட்டினார்.

பாழாய்ப்போன என் கை. என் பெடலுக்குக்கூட இவ்வளவு சுத்தமாகப் பற்றவைத்ததில்லை.