மலைப்பக்கமா நடந்தவள்

திருவண்ணாமலை
22-11-1979, வியாழன்

என் கண்ணு கஸ்தூரிக்கு அம்மா ஆசீர்வாதம் சொல்லி எழுதறது. அண்ணாமலையார் தயவுல நானும் அப்பாவும் சௌக்கியம். நீயும் சௌக்கியமான்னு கேக்கறதுதான் வழக்கம், ஆனா நீ சௌக்கியமா இல்லன்னு நீயே எழுதிட்ட பிறகு அதைக் கேக்க எனக்குக் கை வரல. இங்க மழை ஜாஸ்தி. கீழ்பென்னாத்தூர் நெலத்துல மல்லாட்டை பிடுங்கறதுக்குள்ள பாதிக் கடலை முளை விட்டுடுச்சு, அப்பா அதுக்கப்புறம் ரெண்டு நாள் நெலத்துப் பக்கமே போகல. தீபம் நெருங்குது, ஊர்ல இப்பவே கடைக்காரங்க வந்து இடம் புடிக்கறாங்க.

உன் லெட்டரை அப்பா ஒரு தடவைதான் படிச்சாரு, நான் எத்தனை தடவைன்னு தெரியல. டியூட்டி முடிஞ்சு வந்து பின்னலைக்கூட அவுக்காம ஃபேனையே பாத்துக்கிட்டு படுத்திருக்கேன்னு எழுதியிருந்த. சோறு மண்ணு மாதிரி இருக்கு, சோப்பு கீழ விழுந்தா குனிஞ்சு எடுக்கத் தெம்பு இல்ல, பேஷண்ட் சிஸ்டர்னு கூப்பிடறது காதுல விழுது, கால் நகரலன்னு எழுதியிருந்த. துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போனா இறங்கி வரவே மனசு இல்ல, அப்படியே கீழ பாத்துக்கிட்டு நிக்கறேன்னு எழுதியிருந்தியே, அந்த வரியை விரலால மறைச்சுக்கிட்டுத்தான் மீதியைப் படிச்சேன்டி. கடைசியா ஒண்ணு எழுதின, "நான் எங்கயோ போயிட்டேம்மா, உடம்பு மட்டும் இங்க டியூட்டி பாக்குது." அதைப் படிச்சதும் நான் லெட்டரைக் கீழ போட்டுட்டேன். ஏன்னா நீ எங்க போயிட்டன்னு எனக்கு அதுக்கு முன்னாடியே சேதி வந்துடுச்சு.

அடி அண்ணாமலைகிட்ட அவிச்ச மல்லாட்டை விக்கறாளே ஆராயி, உன் கூட அஞ்சாவது வரைக்கும் படிச்சவ, அவ உன் லெட்டர் வர்றதுக்கு முன்னாடியே வீட்டுக்கு வந்து, கஸ்தூரி எப்ப பம்பாய்லேருந்து வந்தா, என்னைப் பாத்தும் பாக்காத மாதிரி போறாளேன்னு குறைப்பட்டுக்கிட்டா. வெள்ளைப் புடவை, தலையில நர்ஸ் தொப்பி, கால்ல வெள்ளை ஷூ, கிரிவலப் பாதையில விடியக்காலையில வேக வேகமா போனியாம். அதுவும் மலையை ஒட்டின பக்கமா. அந்தப் பக்கம் சித்தருங்க நடக்கற வழி, மனுஷங்க இடது ஓரமா நடக்கணும்னு உனக்கா தெரியாது? உனக்குக் கண்ணுல கோளாறுடின்னு அவளைத் திட்டி அனுப்பிட்டேன். மூணாம் நாளு உன் லெட்டர் வந்துச்சு.

பேய்க்கும் பாரு நோய்க்கும் பாருன்னு சொல்வாங்க. நோய்க்கு அப்பா பாத்தாரு. லெட்டரை எடுத்துக்கிட்டு நம்ம டாக்டர்கிட்ட போனாரு. இது திமிரும் இல்ல சோம்பேறித்தனமும் இல்ல, ஓய்வே இல்லாம உழைச்சு மனசு சோர்ந்து போற வியாதி, காய்ச்சல் மாதிரி இதுவும் வியாதிதான், லீவு போட்டுட்டுத் தூங்கணும், வேளைக்குச் சாப்பிடணும், தேவைப்பட்டா மாத்திரை தரலாம், முக்கியமா தனியா விடாதீங்கன்னு சொன்னாராம். பேய்க்கு நான் பாத்தேன். போன வாரம் செவ்வாக்கிழமை விடியக்காலையில மலை சுத்தப் போனேன். பனி எதிர்ல ஆள் தெரியாம இறங்கியிருந்துச்சு. அடி அண்ணாமலை தாண்டினதும் ஷூ சத்தம் கேட்டுச்சு கஸ்தூரி, அந்தப் பாதையில யாரு ஷூ போட்டுக்கிட்டு நடப்பா? திரும்பிப் பாத்தா மலை ஓரமா நீ போற. உன் முதுகு எனக்குத் தெரியாதா. பேரு சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே ஓடினேன். நான் ஓட ஓட நீயும் வேகமா போற, வார்டுல யாரோ கூப்பிடற மாதிரி. கல்லு தடுக்கி விழுந்து முட்டி பேந்துடுச்சு. எழுந்து பாத்தா பனிதான் இருந்துச்சு.

இதுல என் முட்டாள்தனத்தைக் கேளு. இந்த மலையை நிறைமாசக்காரி நடக்கற மாதிரி மெதுவா சுத்தணும்னு ஊருக்கெல்லாம் சொல்றவ நான், என் பொண்ணு விஷயத்துல ஓடினேன். இந்தச் செவ்வாக்கிழமை முட்டி வலியில ஓட முடியாததால நொண்டி நொண்டித்தான் போனேன். ஒவ்வொரு லிங்கத்துக்கும் உக்காந்து உக்காந்து எழுந்தேன். ஷூ சத்தம் வந்துச்சு. நான் திரும்பல. நான் உக்காந்தா சத்தமும் நின்னுச்சு. வாயு லிங்கத்துகிட்ட ரொம்ப நேரம் உக்காந்துட்டேன், "அவசரம் இல்லடி கண்ணு, உக்காரு"ன்னு மட்டும் சொன்னேன். பக்கத்துல யாரோ பெருமூச்சு விட்டாங்க. மறுபடி எழுந்து நடந்தப்ப ஷூ சத்தம் இல்ல, வெறுங்கால் சத்தம்தான் வீடு வரைக்கும் கூட வந்துச்சு. வாசல்ல நான் கால் கழுவிட்டு உள்ள வர்றேன், எனக்கு முன்னாடி சேத்துக் காலடி உன் சின்ன ரூமுக்குப் போயிருக்கு. திரும்பி வந்த காலடி இல்ல.

அன்னியிலேருந்து அந்த ரூம்ல மூச்சு விடற சத்தம் கேக்குது, அசந்து தூங்கறவங்க மூச்சு. எனக்குப் பயமா இருக்கான்னு கேட்டா இருக்குதான், ஆனா பெத்தவளுக்குப் பயத்தைவிட நிம்மதி ஜாஸ்தி. நான் சொன்னதை நம்பாம சிரிச்ச உங்கப்பா நேத்து கதவுகிட்ட நின்னு கேட்டுட்டு வந்து ரேடியோவை அணைச்சுட்டாரு, பால்காரனைப் பெல் அடிக்காதன்னு அவரே சொல்லிட்டாரு. பூனை அந்தப் பக்கமே போறதில்ல. நான் நொய்க்கஞ்சி வெச்சேன், ஆடை கட்டி அப்படியே இருந்துச்சு. அப்பத்தான் புத்தி வந்துச்சு, வாய் அங்க உங்கிட்டல்ல இருக்கு. அதனால நான் இங்க செய்யறது போதாது, நீ அங்க செய்யணும். பசிக்கலன்னாலும் ரெண்டு வாய் கஞ்சி குடி. வெந்நீர்ல குளி, தலையை அவுத்துச் சிக்கெடு, முடியலன்னா உன் கூட இருக்கற தனத்தை எடுத்து விடச் சொல்லு, அதுல வெக்கம் ஒண்ணும் இல்ல. டபுள் டியூட்டிக்கு யாரு கேட்டாலும் முடியாதுன்னு சொல்லு. நீ இல்லன்னா ஆஸ்பத்திரி ஒண்ணும் இடிஞ்சு விழாது. உனக்குன்னு ஒரு டாக்டரைப் பாத்து எங்களுக்கு எழுதின மாதிரியே அவர்கிட்டயும் ஒளிக்காம சொல்லு. மொட்டை மாடிக்கு மட்டும் போகாதடி, துணி ரூமுக்குள்ளயே காயட்டும், உங்கம்மா கெஞ்சிக் கேக்கறேன்.

அப்பா ஞாயித்துக்கிழமை மெட்ராஸ் போயி பம்பாய்க்கு ரயில் ஏறறாரு, தனத்துக்கும் தந்தி குடுத்துட்டாரு, அவர் வர்ற வரைக்கும் அவ உன்னை விட்டு நகரமாட்டா. அப்பா வந்து உன்னை ஒரு கேள்வியும் கேக்கமாட்டாரு, பெட்டி தூக்கத்தான் வராரு. இங்க வந்து எத்தனை மாசம் ஆனாலும் தூங்கு, யாராவது என்ன உன் பொண்ணு சும்மா இருக்கான்னு கேட்டா அவங்களுக்குப் பதில் சொல்ல எனக்கு வாய் இருக்கு.

அண்ணாமலையாரும் உண்ணாமுலை அம்மாவும் உன் கூடவே இருப்பாங்க, தீர்க்காயுசா இருடி தங்கம். ஒண்ணு மட்டும் மறக்காத. ரூம் கதவை நாங்க சாத்தித்தான் வெச்சிருக்கோம், உள்ள தூங்கறவளை எழுப்ப எங்களால ஆகாது. அது நீ வந்து எழுப்ப வேண்டிய ஆளு. அவ எழுந்திரிக்கறப்ப நீ உசுரோட பக்கத்துல இருக்கணும்.

இப்படிக்கு,
வாசலைப் பாத்துக்கிட்டு இருக்கற
உன் அம்மா மணியம்மாள்