பதினேழாம் எண் ஆணி

பிப்ரவரி 9

அன்புள்ள மூக்கனுக்கு,

உன் சாவி எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் சளி போயிற்றா? அந்த மூக்குக்குச் சளி பிடித்தால் சும்மா வந்துவிட்டா போகும், குடித்தனம் அல்லவா நடத்தும்!

"எந்த வலையில் மீன் விழாது?" என்று கேட்டிருந்தாய். ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். என் பதில்: நீ வீசிய வலை. உனக்குத்தான் வீசவே தெரியாதே. பதில் தப்பானாலும் சிரிப்பு வந்தால் பாதி மார்க் என்பது நம் சட்டம். பாதி மார்க்கை மறக்காமல் அனுப்பிவை.

"ஒரு போன் பண்ணினா ரெண்டு நிமிஷத்துல முடியுற கூத்துக்கு எதுக்கு இத்தனை தபால் தலை?" என்கிறாள் என் வீட்டுக்காரி. போனில் கேட்டால் அங்கேயே பதில் சொல்லியாக வேண்டும். கடிதத்தில் வந்தால் ஒரு வாரம் அந்தக் கேள்வி என்னோடு கூடவே பஸ்ஸில் வருகிறது, குளிக்கிறது, சாப்பிடுகிறது. அது அவளுக்குப் புரியாது.

நூலக வேலை பரவாயில்லை. வாசலில் உட்கார்ந்து, வருகிறவர்களின் பையை வாங்கி அடுக்கில் வைத்துவிட்டு டோக்கன் கொடுக்க வேண்டும். பார், விட்ட இடத்துக்கே வந்துவிட்டேன். டோக்கன் என் ஜாதகத்தில் எழுதியிருக்கிறது போல.

வருகிற பதினான்காம் தேதியோடு நம் நெட்டை போய்ச் சேர்ந்து பதினொரு வருடம். உனக்குத் தெரியாததா? ஆனாலும் எழுதினால்தான் எனக்கு மனசு கொஞ்சம் அடங்குகிறது. நம் பழைய குளிர்கிடங்குக் கதவை அன்று மாலை பூட்டியவன் நான். மறுநாள் காலை திறந்தவனும் நான்.

இன்னும் வீட்டில் பிரிட்ஜை மூடுவதற்கு முன் மூன்று தட்டு தட்டுகிறேன். நேற்று என் மகள் பார்த்துவிட்டு, "அப்பா, உள்ள தயிர்தான் இருக்கு, பதில் சொல்லாது" என்றாள். சிரித்துவிட்டேன். ஆனால் மூக்கா, உன்னிடம் சொல்வதற்கென்ன, சில நாள் கதவைத் திறக்கும்போது நெட்டையின் சிரிப்பு கேட்கிறது. கேள்வி கேட்பதற்கு முன்பே அவனுக்குச் சிரிப்பு வந்துவிடும், வாயைப் பொத்திக்கொள்வானே, அந்தச் சிரிப்பு.

என் கேள்வி: எந்த மணியை அடித்தால் நமக்குத்தான் வலிக்கும்?

உன்,
சாவி

பிப்ரவரி 17

அன்புள்ள சாவிக்கு,

பாதி மார்க் இத்துடன் இணைத்துள்ளேன். கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் உன் கண்ணாடியை மாற்று. மீன் விழாத வலை, கவலை. ஆட்கள் மட்டும்தான் விழுவோம், அதுவும் பிரியப்பட்டு.

உன் கேள்விக்கு என் பதில்: காலை ஐந்து மணி. அலாரத்தை நான் அடித்தேன், அது தரையில் விழுந்து உடைந்தது, வலி எனக்குத்தான். சரியான பதில் கண்மணி என்று தெரியும். உன் மகள்மேல் நீ ஒருநாளும் கை ஓங்கியதில்லை என்பதும் தெரியும்.

என் பாடு பழையபடிதான். கீழே தையல்கடை, மேலே நான். பகலெல்லாம் லாரி ஆபீசில் ரசீது எழுதுகிறேன். அறைக்கு வந்தால் தையல் மிஷின் சத்தம்தான் துணை. என் வீட்டுக்காரி போன பிறகு என்னிடம் "சாப்பிட்டியா" என்று கேட்கிற ஒரே ஜீவன் கீழ்க்கடைத் தையல்காரர். அவரும் அளவு எடுக்கும்போதுதான் கேட்கிறார், இடுப்பைப் பார்த்துக்கொண்டு. செவ்வாயோ புதனோ உன் கடிதம் வந்துவிட்டால் அந்த வாரம் எனக்கு ஓடிவிடும்.

நெட்டையைப் பற்றி எழுதியிருந்தாய். பழசைக் கிளறாதே சாவி. உடம்புக்கு ஆகாது.

என் கேள்வி: சமைக்க முடியாத காய் எது?

உன்,
மூக்கன்

பிப்ரவரி 26

அன்புள்ள மூக்கனுக்கு,

சமைக்க முடியாத காய், என் வீட்டுக்காரி கையில் சிக்காத காய். அவள் கையில் சிக்கினால் எதுவும் தப்பாது. சரியான பதில் சதுரங்கக் காய்தானே? முழு மார்க் போடு.

இந்த வாரம் நூலகத்தில் ஒன்று நடந்தது. ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியாரும் அவர் மனைவியும் வந்தார்கள். ஆளுக்கொரு பை, ஆளுக்கொரு டோக்கன். அவர் முன்னாலேயே கிளம்பிவிட்டார். அந்த அம்மா போகும்போது டோக்கனைக் காணோம். மேஜை, நாற்காலி, புத்தக இடுக்கு எல்லாம் தேடினோம். "நான்தான் எங்கயோ போட்டுட்டேன், எனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு" என்று கண் கலங்கிவிட்டார்கள். மறுநாள் வாத்தியார் வந்தார். சட்டைப் பையில் இரண்டு டோக்கன். மேஜையில் இருந்ததை ஏதோ நினைப்பில் எடுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார். அந்த அம்மா ஒரு நாள் முழுக்கத் தன் புத்தியைச் சந்தேகப்பட்டதுதான் மிச்சம்.

மூக்கா, அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

நம் கிடங்கில் என்ன சட்டம்? உள்ளே போகிறவன் தன் பித்தளை டோக்கனை வாசல் பலகையில் தன் எண் ஆணியில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். வெளியே வந்தால் எடுத்துக்கொள்ள வேண்டும். பலகை காலியாக இருந்தால்தான் நான் பூட்டலாம். அன்று பலகையைப் பார்த்தேன். காலி. நெட்டையின் பதினேழாம் எண் ஆணியும் காலி. "யாராவது இருக்கீங்களா?" என்று குரலும் கொடுத்தேன். அந்த மின்விசிறி இரைச்சலில் யாருக்குக் கேட்கும்? பூட்டினேன்.

விசாரணையில் என்ன சொன்னார்கள் என்று உனக்குத் தெரியும். அவன் பையில் டோக்கன் இல்லை, ஒரு சீப்பும் கைக்குட்டையும் துண்டுப் பென்சிலும்தான் இருந்தன. அப்படியானால் டோக்கன் ஆணியில்தான் இருந்திருக்க வேண்டும், பார்க்காமல் பூட்டிவிட்டு, காலையில் பயந்துபோய் நான் எடுத்து ஒளித்துவிட்டேன் என்று எழுதினார்கள். நான் இல்லை என்றேன். ஆறு மாதம் இல்லை என்றேன். அப்புறம் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. எடுத்தேனோ என்னவோ. எடுத்த ஞாபகம் இல்லை. ஆனால் வேறு எங்கே போகும்? இரண்டு தடவை வீட்டையே புரட்டிப் போட்டுத் தேடியிருக்கிறேன், நானே ஒளித்துவைத்ததை நானே கண்டுபிடிக்க.

போன மாதம் நெட்டையின் மனைவியைக் கடைத்தெருவில் பார்த்தேன். என்னைக் கண்டதும் எதிர்ப்பக்கம் போய்விட்டாள்.

நாம் மூன்று பேரும் டீ நேரத்தில் விளையாடுவோமே, பதில் தெரியாதவன் டோக்கனைக் கேட்டவனிடம் அடகு வைப்பான், பதில் சொன்னால்தான் திரும்பக் கிடைக்கும். அன்றும் கடைசியாக நீ அவனிடம் ஏதோ கேட்டாய். நான் சாவி அறைக்குப் போய்விட்டேன். டோக்கனை டீ முடிந்ததுமே திருப்பிக் கொடுத்துவிட்டதாக அப்போதே நீ சொன்னாய். நீ சொன்னால் சரிதான். ஆனாலும் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அந்த வாத்தியார் மாதிரி ஏதாவது நினைப்பில்... நன்றாக யோசித்துப் பார்த்து எழுது. இந்தத் தடவை என் கேள்வி இதுதான்.

உன்,
சாவி

மார்ச் 8

அன்புள்ள சாவிக்கு,

முழு மார்க் கொடுத்தாயிற்று. தங்கச்சியின் சமையலைக் குறை சொன்னதற்காக அதில் பத்தைக் கழித்துக்கொண்டேன்.

எந்தப் பல் பாடும்? பல்லவி. எந்தக் கடை வீட்டுக்குள்ளேயே வரும்? கதவிடுக்கில் நுழைகிற கீழ்க்கடைத் தையல்காரர். எந்த எலிக்கு வால் கிடையாது? கணினி எலிக்கு என்றால் அதற்கும் ஒயர் இருக்கிறது, ஆகவே தோசை... இல்லை, விடு. எதுவும் சரியாக வரவில்லை. கேள்வியையும் நானே கேட்டுப் பதிலையும் நானே எழுதிவிட்டேன், பார். வயதாகிவிட்டது.

நீ சரியாகச் சாப்பிடு. பிரிட்ஜைத் தட்டுவதை விடு. வேலைக்குப் போகும்போது குடை எடுத்துப் போ. மழை வரும் போலிருக்கிறது.

உன்,
மூக்கன்

மார்ச் 15

மூக்கா,

தோத்துட்டேன்.

சாவி

மார்ச் 19

அன்புள்ள சாவிக்கு,

இந்த ஒரு வார்த்தையை நீ எழுதிவிடக் கூடாதே என்றுதான் பதினொரு வருடமாகக் கேள்வியாக எழுதிக்கொண்டிருந்தேன். நாம் மூவரும் போட்ட சட்டத்தில் இது ஒன்றைத்தான் யாரும் மீறியதில்லை. ஒருவன் "தோத்துட்டேன்" என்றால் பதில் தெரிந்தவன் அந்த இடத்திலேயே அதைச் சொல்ல வேண்டும். சுற்றி வளைக்கக் கூடாது.

நெட்டையின் டோக்கன் என் சட்டைப் பையில் இருந்தது.

அன்று நான் அவனிடம் கேட்டது, "எந்தப் பனியில குளிராது?" அவனுக்கு வரவில்லை. "தோத்துட்டேன்னு சொல்லு, பதில் சொல்றேன்" என்றேன். "மாட்டேன், நாளைக்குக் காலையில நானே சொல்றேன்" என்று டோக்கனைக் கழற்றி என் கையில் வைத்தான். ஐந்தரை மணிக்குக் கடைசி லாரிக்கு ஒரு பெட்டி குறைந்தது. அவன் என்னிடம் ஓடிவந்து, "டேய், டோக்கனைக் குடு, உள்ள போயிட்டு வந்துடறேன்" என்று கையை நீட்டினான்.

நான் சிரித்துக்கொண்டே, "பதிலைச் சொல்லிட்டு வாங்கிக்கோ" என்றேன்.

அவனும் சிரித்துவிட்டு உள்ளே போனான். பெட்டியை எடுத்து ஆளிடம் கொடுத்தான். வெளியே வந்துவிட்டான் என்றுதான் நினைத்தேன். எதையோ சரிபார்க்கத் திரும்ப உள்ளே போயிருக்கிறான், எனக்குத் தெரியாது. லாரி ஹாரன் அடித்தது, ஏறிப் போய்விட்டேன். வீட்டில் சட்டையைக் கழற்றும்போது டோக்கன் கீழே விழுந்தது. காலையில் கொடுத்துக்கொள்ளலாம் என்று சோப்பு டப்பாவில் போட்டேன்.

காலையில் நீ கதவு வாசலில் தரையில் உட்கார்ந்திருந்தாய். "அவன் டோக்கனை நீ வச்சிருந்தியா?" என்று கேட்டாய். என் வாய் "குடுத்துட்டேனே" என்றது. அதற்கு நான் யோசிக்கக்கூட இல்லை. மறுநாள் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாள் விசாரணை வந்தது. அவர்கள் உன்னைப் பிடித்துக்கொண்டார்கள். என்னைத் தப்பவிட்டார்கள், நானும் தப்பிக்கொண்டேன்.

நீ எதையும் எடுக்கவில்லை. நீ எதையும் ஒளிக்கவில்லை. நீ பார்த்தாய், பலகை காலியாகத்தான் இருந்தது. உன் புத்தியில் ஒரு குறையும் இல்லை. இதை அப்போதே உன் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

டோக்கன் இத்துடன் இருக்கிறது. இதே விவரத்தை நெட்டையின் மனைவிக்கும் எழுதி இன்றே தபாலில் சேர்த்துவிட்டேன். அவள் யாரிடம் கொண்டுபோய்க் காட்டினாலும் அது நான் எழுதியதுதான் என்று சொல்வேன்.

மன்னிக்கச் சொல்லிக் கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை. ஒன்று மட்டும். உனக்கு எழுதிய கேள்வி எல்லாமே இந்த ஒன்றை நீ கேட்டுவிடாமல் இருக்கத்தான் என்று நினைத்துவிடாதே. பாதி அதற்குத்தான். மீதிப் பாதி, உன் கடிதம் வராவிட்டால் என்னிடம் ஒன்றுமே கிடையாது என்பதால்.

மூக்கன்

ஏப்ரல் 2

மூக்கனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. டோக்கனும் கிடைத்தது. வீட்டில் எல்லோரும் நலம்.

கடிதத்தைப் படித்துவிட்டு வீட்டுக்காரியிடம் கொடுத்தேன். அவள் படித்து முடித்ததும் என் தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். அழுதது அவள்தான். எனக்குப் பசித்தது. இரண்டு தட்டு சாப்பிட்டேன். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அன்றுதான் சாப்பாட்டின் ருசி தெரிந்தது.

உன்மேல் கோபம் இரண்டு நாள் கழித்துத்தான் வந்தது. வந்தது போகவில்லை. நீ பொய் சொன்னதற்குக்கூட இல்லை. போன வருடம் நான் எழுதினேனே, "நானே எடுத்து ஒளித்திருப்பேனோ, எனக்குப் பைத்தியம் பிடித்திருக்குமோ" என்று. அதற்கு நீ கொசுவைப் பற்றி ஒரு கடி ஜோக் எழுதி அனுப்பினாய். நான் அதற்குச் சிரித்தேன். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை நெட்டையின் மனைவி வந்தாள். கையில் நீ எழுதிய கடிதம். உள்ளே வரச் சொன்னேன். வாசலிலேயே நின்றாள். "பதினோரு வருஷமா உங்களைத் திட்டாம நான் ஒரு நாள் படுத்ததில்லண்ணா" என்றாள். அப்புறம் உள்ளே வந்து தண்ணீர் குடித்தாள். நீ அவனிடம் கேட்ட கேள்விக்குப் பதில் என்ன என்று கேட்டாள். "கம்பனி" என்றேன். "இதுக்கா அவருக்குப் பதில் தெரியல?" என்று சிரித்தாள், சிரித்துக்கொண்டே முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நம் கம்பனியில் குளிரும் என்று அவனுக்குத் தெரியும், அதனால்தான் அந்தப் பதில் வரவில்லை என்று நினைக்கிறேன்.

டோக்கனை அவளிடம் கொடுத்தேன். உள்ளங்கையில் வைத்து எண்ணைத் தடவிப் பார்த்தாள். பிறகு என்னிடமே நீட்டினாள்.

"உங்ககிட்டயே இருக்கட்டும்ண்ணா. நீங்கதான் பாத்துட்டுப் பூட்டுவீங்க."

மூக்கா, இந்தக் கடிதத்தில் கேள்வி இல்லை. இனிமேல் எழுதாதே. உன் கடிதம் வந்தால் நான் பிரித்துவிடுவேன், பிரித்தால் சிரித்துவிடுவேன், அது நெட்டைக்கு நான் செய்கிற துரோகம். வேளாவேளைக்குச் சாப்பிடு. தையல்காரரிடம் நீயாகவே நாலு வார்த்தை பேசு, அவராகப் பேசட்டும் என்று உட்கார்ந்திருக்காதே.

நேற்று வாசல் கதவுக்குப் பக்கத்தில் ஓர் ஆணி அடித்து நெட்டையின் டோக்கனை மாட்டினேன். டோக்கன் ஆணியில் இருந்தால் ஆள் உள்ளே இருக்கிறான் என்றுதானே சட்டம். பார்த்தேன். இருந்தது. என் வீட்டுக்காரி இரண்டு தடவை வந்து கேட்டுவிட்டாள், கதவை நான் இன்னும் பூட்டவில்லை.

சாவி